தங்கவயல் பட்டதாரிகளுக்கு வழிகாட்டுவது யார்?

கல்லூரி இறுதியாண்டுத் தேர்வு முடிந்ததும் கோலார் தங்கவயலில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பையன் பி.ஏ. எழுதிவிட்டான், அடுத்து என்ன? பெண் பி.காம். முடித்துவிட்டாள், மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா? எல்லா ஊர்களிலும் எழுகின்ற கேள்விதான் இது. ஆனால் தங்கவயலில் இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் பல வீடுகளில் இல்லை. அந்த வீட்டில் பட்டம் என்ற ஒன்றை வாங்கப் போகிற முதல் ஆளே அந்தப் பிள்ளைதான். தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர். தகப்பனார் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு ரயில் ஏறியவர். இருவருக்கும் உழைப்பைப் பற்றித் தெரியும். விண்ணப்பப் படிவத்தைப் பற்றித் தெரியாது.

மூன்று வருடம் பாடுபட்டுப் பெற்ற பட்டம் பெட்டிக்குள் தூங்குவதா, குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதா என்பது பெரும்பாலும் தேர்வு முடிந்த முதல் ஓராண்டில் முடிவாகிவிடுகிறது. ஆகவே இதைப் பற்றி நாம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

அப்பன் வேலை பிள்ளைக்கு

தங்கவயலின் பழைய கதை வாசகர்களில் பலருக்கு வீட்டுக் கதை. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ல் இங்கே சுரங்க வேலையில் இறங்கினார்கள். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரில் நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

அந்தப் பெயருக்கு நம்மவர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. பாறை வெடித்து மாண்டவர்கள் ஒருபுறம். நுரையீரலில் கல் தூசி படிந்து இருமி இருமி மாண்டவர்கள் இன்னொருபுறம். இருந்தும் ஒரு நிச்சயம் இருந்தது. தகப்பன் வேலை பார்த்த இடத்தில் மகனும் ஒருநாள் சேர்ந்துவிடலாம் என்ற நிச்சயம்தான் அது. லைன் வீடு, ஆஸ்பத்திரி, மாதச் சம்பளம் எல்லாம் அந்த ஒரு வேலையைச் சுற்றியே இருந்தன. பிள்ளை படித்தால் நல்லது. படிக்காவிட்டாலும் சங்கு ஊதும்போது போய் நிற்க ஓர் இடம் உண்டு என்று பெற்றோர் நினைத்தார்கள்.

சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962-ல் மத்திய அரசிடம் போயின. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற கம்பெனி உருவாயிற்று. கிடைக்கும் தங்கம் குறைந்துகொண்டே போக, தோண்டும் செலவு ஏறிக்கொண்டே போக, 2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அன்று வேலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்துக் கொடுத்த ஊரில் மிஞ்சியது சயனைடு மேடுகளும், துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களும்தான்.

இன்று தங்கவயலில் பட்டம் வாங்குகிற பிள்ளைகள் சுரங்கச் சங்கைக் கேட்டு வளராதவர்கள். அவர்கள் பிறந்தபோதே சுரங்கம் மூடிக் கிடந்தது. அப்பன் வேலை என்று எதிர்பார்க்க அவர்களுக்கு ஒன்றுமில்லை. பட்டம் ஒன்றுதான் குடும்பம் அவர்களுக்குச் சேர்த்து வைக்க முடிந்த சொத்து.

எழுத்து இந்த ஊருக்குப் புதிதல்ல

சுரங்கத் தொழிலாளி என்றால் படிப்பு வாசனை இல்லாதவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். முதலில் 'ஒரு பைசாத் தமிழன்' என்றும், பிறகு 'தமிழன்' என்றும் அது வெளிவந்தது. பண்டிதருக்கும் அவருடைய பௌத்த சங்கத்துக்கும் தங்கவயலில் பலமான ஆதரவு இருந்தது. மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் சுரங்கத்தில் வேலை செய்தவர்களே சங்கம் கூடி, பத்திரிகை வாங்கிப் படித்து, கூட்டம் போட்டு விவாதித்தார்கள்.

1914-ல் பண்டிதர் மறைந்தார். 1926-ல் அதே 'தமிழன்' தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடியும் வெளிவரத் தொடங்கியது. பண்டிதரின் நூல்களை இங்கே இருந்த சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. யோசித்துப் பாருங்கள். ஷிப்ட் முடித்து மேலே வந்த மனிதர்கள், கையைக் கழுவிக்கொண்டு, பத்திரிகை படிக்கவும் புத்தகம் போடவும் உட்கார்ந்தார்கள். சென்னையில் நின்றுபோன பத்திரிகையை இங்கே கூலி வேலை செய்தவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். கல்லூரி இல்லாத காலத்தில் ஊரே கல்லூரியாக இருந்தது என்றால் மிகையாகாது.

1930-ல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிந்துகொள்ளக் கம்பெனி முயன்றபோது ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்ததும் இதே ஊரில்தான். தங்களை மரியாதைக் குறைவாக நடத்தக்கூடாது என்று கேட்கும் தெம்பு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அந்தப் படிப்பிலிருந்தும் அந்தக் கூட்டங்களிலிருந்தும் வந்தது. இன்றைய பட்டதாரிகள் இந்த வரலாற்றைத் தங்கள் வீட்டுச் சொத்தாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தாம்தான் முதன்முதலாகப் படிப்பின் பக்கம் வந்தவர்கள் என்று அவர்கள் கூச்சப்படத் தேவையில்லை.

முதல் தரக் கல்லூரி

கர்நாடகத்தில் அரசு கலைக் கல்லூரிகளை 'பர்ஸ்ட் கிரேடு காலேஜ்' என்கிறார்கள். இது பழைய காலத்துப் பெயர். இண்டர்மீடியட் வரை மட்டும் நடத்தியவை இரண்டாம் தரம். பட்டப் படிப்பு வரை நடத்தியவை முதல் தரம். இண்டர்மீடியட் போய்ப் பல காலமாகியும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தங்கவயலிலும் அரசு முதல் தரக் கல்லூரி உண்டு. இதைத் தவிர தனியார் கல்லூரிகளும், சுரங்கப் படிப்புக்கென்று ஏற்பட்ட ஸ்கூல் ஆப் மைன்ஸும், பொறியியல் கல்லூரியும், கெங்கல் அனுமந்தையா பெயரில் ஒரு சட்டக் கல்லூரியும் இந்த ஊரில் இருக்கின்றன.

1916-ல் ஏற்பட்ட மைசூர்ப் பல்கலைக்கழகம்தான் ஒரு காலத்தில் இந்தப் பகுதிக்கெல்லாம் பட்டம் கொடுத்தது. 1964-ல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் வந்தது. அது பெரிதாகி, 2017-ல் மூன்றாகப் பிரிந்தபோது, கோலாரைத் தலைமையிடமாகக் கொண்டு பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. இதனால் ஒரு நன்மை. மார்க் பட்டியலில் பிழை, மறுகூட்டல், பட்டச் சான்றிதழ் என்று எதற்கும் பெங்களூர் ஞானபாரதி வரை அலைந்த காலம் போய், கோலாரிலேயே போய்க் கேட்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது.

பாடத்திட்டத்திலும் சில வருடங்களாக ஒரு குழப்பம் நடந்தது. 2021-22-ல் கர்நாடகம் நாட்டிலேயே முதலாவதாகத் தேசியக் கல்விக் கொள்கைப்படி நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்தைக் கொண்டு வந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில் சாதாரணப் பட்டத்தோடு வெளியே வரலாம், விரும்பியவர்கள் நான்காம் ஆண்டு தொடரலாம் என்றார்கள். பிறகு மாநில அரசு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, 2024-25 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழையபடி மூன்றாண்டுப் பட்டம் என்று ஆணையிட்டது. ஆகையால் ஒரே வீட்டில் அக்காள் ஒரு திட்டத்திலும் தம்பி வேறு திட்டத்திலும் படித்திருப்பார்கள். நான்காண்டுத் திட்டத்தில் சேர்ந்து மூன்றாண்டில் வெளியே வந்தவர்கள், தங்கள் பட்டம் எந்த மேற்படிப்புக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பி.ஏ. என்றால் இளப்பமா?

இந்தக் கல்லூரிகளில் சரித்திரம், பொருளாதாரம், அரசியல் என்று மூன்று பாடம் எடுத்து பி.ஏ. படிப்பவர்களுக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு இல்லை. "சயன்ஸ் கிடைக்காததால் ஆர்ட்ஸ்" என்று உறவினர்களே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு இருக்கும் மரியாதை கலைப் பாடம் படித்தவனுக்கு இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளும் தங்கள் பட்டத்தைத் தாங்களே குறைத்து மதிப்பிடத் தொடங்குகிறார்கள்.

சிறிய கல்லூரி, கலைப் படிப்பு என்று நினைப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்து விஷயம் ஒன்றைச் சொல்லலாம். 1823-ல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் ஒரு கல்விச்சாலை தொடங்கினார்கள். அமெரிக்காவில் சிறு ஊர்களில் நடக்கும் கலைக் கல்லூரிகளைப் போல, மொழியும் கணிதமும் தத்துவமும் வானநூலும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அது 32 ஆண்டுகள்தான் நடந்தது, 1855-ல் மூடிவிட்டார்கள். ஆனால் 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டு முதன்முதலாக பி.ஏ. பட்டம் கொடுத்தபோது, அதைப் பெற்ற இரண்டு பேருமே அந்த வட்டுக்கோட்டைப் பிள்ளைகள். ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை. ஆம், அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி வகுப்பில் ஆட்கள் இரண்டே பேர்!

தாமோதரம்பிள்ளை பட்டம் வாங்கியதும் என்ன செய்தார்? அரசாங்கக் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். நம் வாசகர்களில் பலரைப் போல வரவு செலவுக் கணக்கோடு மல்லுக்கட்டியவர்தான். பிறகு சட்டம் படித்தார். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். இந்த வேலைகளுக்கு நடுவே ஓலைச் சுவடிகளைத் தேடிப் பிடித்து, தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சிலேற்றினார். கலைப் படிப்பு சோறு போடாது என்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். அது உத்தியோகத்தையும் கொடுத்தது, அதற்கு மேலே செய்ய ஒரு காரியத்தையும் கொடுத்தது.

இன்றைய நிலையிலும் பி.ஏ. என்பது மூடிய கதவல்ல. வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு, மத்திய அரசின் ஸ்டாப் செலக்ஷன் தேர்வு, ஐ.ஏ.எஸ். தேர்வு முதலியவற்றில் பட்டதாரிப் பணிகளுக்குக் கேட்கப்படுவது பெரும்பாலும் 'ஏதேனும் ஒரு பட்டம்' என்பதுதான். இவற்றில் பலவற்றின் பொது அறிவுப் பகுதியில் சரித்திரம், பூகோளம், அரசியல் சட்டம், பொருளாதாரம் எல்லாம் வரும். பி.ஏ. மாணவர் மூன்று வருடம் படித்த பாடமே அது! சட்டம் படிக்க மூன்றாண்டு, ஆசிரியர் ஆக பி.எட். இரண்டாண்டு, சமூகப் பணி, நூலகம், பத்திரிகைத் தொழில் என்று வழிகள் இன்னும் உண்டு. சட்டக் கல்லூரி ஊரிலேயே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. சுரங்க இழப்பீடு, வீட்டு உரிமை என்று எத்தனையோ விவகாரங்களுக்காக வக்கீல் வீட்டு வாசலில் நின்ற ஊரில், வக்கீல்கள் நம் வீடுகளிலிருந்தே வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ரயிலும் முதல் சம்பளமும்

பட்டம் பெற்ற பிள்ளைகளில் பலர் இத்தனை வழிகளையும் பார்ப்பதற்கு முன்பே ரயில் ஏறிவிடுகிறார்கள். 1894-ல் சுரங்கத்துக்காகப் போட்ட பாதை மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வரை ஓடுகிறது. அந்தப் பாதையில் இன்று விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். கட்டட வேலை, காவலாளி வேலை, துணிக்கடை, ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, ஆபீஸ் என்று எல்லாத் தரத்தினரும் அந்தப் பெட்டிகளில் இருக்கிறார்கள்.

இதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலில் அடுப்பு எரிந்ததற்குக் காரணம் அந்த ரயில்தான். ஆனால் பட்டதாரிகள் விஷயத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. தேர்வு முடிந்த மறு வாரமே தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஏதோ ஒரு வேலை கிடைக்கிறது. வீட்டில் கஷ்டம், முதல் சம்பளம் இனிக்கிறது. விடியற்காலையில் கிளம்பி இரவு திரும்புகிறவனுக்குப் புத்தகம் எடுக்க நேரம் ஏது? போட்டித் தேர்வு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப் போகிறது. வங்கிக் குமாஸ்தா தேர்வுக்கு வயது வரம்பு 28. தாழ்த்தப்பட்டவர்களுக்கு 5 வருடமும் பிற்பட்டவர்களுக்கு 3 வருடமும் சலுகை உண்டு. ஆனால் அந்த வருடங்களும் ரயிலிலேயே கழிந்து விடுகின்றன. கடைசியில் பத்தாம் வகுப்பு படித்தவர் பார்க்கும் அதே வேலையைப் பட்டதாரியும் பார்க்கிறார்.

பெண் பிள்ளைகளுக்கு வேறொரு தொல்லை. படிக்கும் வரை விட்டவர்கள், பட்டம் வந்ததும் வரன் தேடத் தொடங்குகிறார்கள். இரவில் தாமதமாகத் திரும்பும் வேலைக்கு அனுப்பப் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் தங்கவயல், பங்காருப்பேட்டை, கோலார் ஆகிய இடங்களிலேயே பார்க்கக் கூடிய ஆசிரியர் வேலை, வங்கி வேலை, அரசு அலுவலக வேலை ஆகியவற்றுக்கு இரண்டு வருடம் தயார் செய்ய விட்டால் அந்தப் பயத்துக்கே இடமில்லை. 2023 ஜூனிலிருந்து கர்நாடக அரசின் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கோலாருக்குப் போய் பி.எட். படிக்கவோ, பயிற்சி வகுப்புக்குப் போகவோ பஸ் செலவு ஒரு தடையாக இருந்த காலம் மாறியிருக்கிறது.

மூன்று மொழி, மூன்று கதவு

மொழி விஷயத்தை மனம்விட்டுப் பேச வேண்டும். தங்கவயலில் வீட்டிலும் வீதியிலும் தமிழ். பள்ளியிலும் கல்லூரியிலும் கன்னடமும் ஆங்கிலமும். பேசினால் மூன்று மொழியும் வருகிறது. எழுதச் சொன்னால் மூன்றிலும் தயக்கம். தமிழ் வழிப் பள்ளிகள் குறைந்துகொண்டே போவதால் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். இது வருந்தத்தக்கது.

வேலை என்று பார்த்தால் மூன்று மொழியும் மூன்று கதவுகள். கர்நாடக அரசு வேலைக்குக் கன்னடத் தேர்ச்சி கட்டாயம். "நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது" என்று சொல்லிக்கொண்டு விண்ணப்பமே போடாமல் இருப்பது நாமே கதவைச் சாத்திக்கொள்வதாகும். நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் வாழ்ந்து, இந்த மண்ணுக்காகச் சுரங்கத்தில் உயிரைக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் கன்னடத்தை அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை. இது நமக்குச் சோறு போடும் மண்ணின் மொழி.

வங்கிக் குமாஸ்தா தேர்வில் எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த மாநில மொழியைப் படிக்க, எழுத, பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு மாநிலத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம். கன்னடம் எழுதத் தெரிந்தவர் கர்நாடகத்துக்குப் போடலாம். தமிழும் எழுதத் தெரிந்தவர் அந்தந்த வருடம் காலியிடங்களைப் பார்த்து தமிழ்நாட்டுக்கும் போடலாம். மற்றவர்களுக்கு இல்லாத வசதி இது! ரயில்வே தேர்வையும் தமிழிலோ கன்னடத்திலோ எழுதலாம். ஆங்கிலம் வராததால் கைவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தாழ்த்தப்பட்டோருக்கான சாதிச் சான்றிதழ் கர்நாடகத்தில் வாங்கியதாக இருந்தால், அதன் சலுகை கர்நாடக அரசு வேலைக்கும் மத்திய அரசு வேலைக்கும் செல்லும். தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் செல்லாது. வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் இடஒதுக்கீடு கேட்க முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சொந்த ஊர் திருப்பத்தூர்ப் பக்கம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பிக் காலத்தை வீணாக்கக் கூடாது.

கடைசி வருடத்தில் செய்ய வேண்டியவை

முதலாவது, பெயர். நம் வழக்கப்படி பள்ளியில் இனிஷியலோடு பெயர் எழுதியிருப்பார்கள். ஆதார் அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாக இருக்கும். தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் திணறுவது இதனால்தான். எஸ்.எஸ்.எல்.சி. மார்க் பட்டியலில் உள்ளபடி எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொள்வதைப் படிக்கும்போதே செய்துவிட வேண்டும்.

இரண்டாவது, சாதி, வருமானச் சான்றிதழ்கள். வருமானச் சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மேற்படிப்புக்குப் போகிறவர்கள் இதைப் புதுப்பித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அரியர்ஸ். ஒரு பாடம் நின்றுபோனால் 'பிறகு எழுதலாம்' என்று விட்டவர்கள் பலர் பட்டம் வாங்காமலே பட்டதாரி என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். வேலைக்குப் போனாலும் லீவு எடுத்து அந்தத் தாளை எழுதி முடித்துவிட வேண்டும்.

நான்காவது, பயிற்சி. பொறியியல் படித்தவர்களுக்கு மட்டுமல்ல, பி.ஏ., பி.காம். பட்டதாரிகளுக்கும் மத்திய அரசின் திட்டத்தில் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி உண்டு. மாத உதவித்தொகையும் உண்டு. ஆபீஸ் வேலை பழகாத பிள்ளைகளுக்கு இது நல்ல தொடக்கம்.

ஐந்தாவது, யுவநிதி. கர்நாடக அரசு 2023 டிசம்பரில் இந்தத் திட்டத்துக்குப் பதிவைத் தொடங்கியது. தேர்ச்சி பெற்று ஆறு மாதமாகியும் வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாயும், டிப்ளமா படித்தவருக்கு 1,500 ரூபாயும், அதிகபட்சம் இரண்டு வருடம் வரை என்று அறிவித்தது. மேற்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது. தகுதி உள்ளவர்கள் அன்றைய நிபந்தனைகளைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். 3,000 ரூபாயில் குடும்பம் நடக்காது. ஆனால் தேர்வுக் கட்டணம், புத்தகம், பஸ் செலவு நடக்கும். அந்தப் பணத்தை அதற்கென்றே ஒதுக்கினால் பிள்ளைக்கு ஒரு வருடம் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

முன்னே போனவர்களின் கடமை

இத்தனையும் எழுதிப் பார்த்தால், இதில் எதுவும் ரகசியமில்லை என்பது தெரியும். பெங்களூரில் படித்த குடும்பத்தில் இவை சாப்பாட்டு வேளையில் சாதாரணமாகப் பேசப்படுகின்றன. மாமா வங்கியில் இருக்கிறார், சித்தி பள்ளியில் டீச்சர், பக்கத்து வீட்டு அண்ணன் ரயில்வேயில் சேர்ந்தான் என்று ஆளுக்கொரு வழி காட்டுகிறார்கள். தங்கவயல் பிள்ளைக்கு மூளை குறைவில்லை. அந்த மாமாவும் சித்தியும்தான் குறைவு.

அந்தக் குறையை நிரப்ப வேண்டியவர்கள் வேறு யாருமல்ல, இதைப் படிக்கும் நீங்கள்தான். பெமல், வங்கி, தபால், ரயில்வே, தனியார் ஆபீஸ் என்று ஏதோ ஓரிடத்தில் நம்மவர்கள் உட்கார்ந்திருக்கிறோம். நமக்குச் சிபாரிசு செய்யும் செல்வாக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் எந்தத் தேர்வு எப்போது வருகிறது, எந்தப் புத்தகம் நல்லது, நேர்முகத் தேர்வில் என்ன கேட்டார்கள் என்பது தெரியும். பெங்களூரில் தேர்வு மையம் விழுந்து, விடியற்காலை ரயில் நேரத்துக்கு வராது என்று பயப்படும் பிள்ளைக்கு முதல் நாள் இரவு தங்க ஒரு மூலையாவது கொடுக்க முடியும். சனி, ஞாயிறுகளில் ஊருக்குப் போகிறவர்கள் சாம்பியனிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கணக்கோ, ஆங்கிலமோ, கன்னட எழுத்தோ சொல்லிக் கொடுக்க முடியும். சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பாராட்டு விழாவுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைத் தேர்வுக் கட்டணத்துக்கு ஒதுக்க முடியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று வருடம் பொறுத்தீர்கள். இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். பிள்ளையை உடனே ரயிலேற்றி அனுப்ப வேண்டிய அளவுக்குக் கஷ்டம் இருந்தால், வாரத்தில் ஒரு நாளாவது படிப்பதற்கென்று விட்டுக் கொடுங்கள். பி.ஏ. தானே என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் பிள்ளையின் கால்களைக் கட்டிப்போடும்.

மாணவர்களே, கல்லூரியில் எடுத்த குரூப் போட்டோவில் உங்களோடு நிற்பவர்களின் விலாசத்தையும் போன் நம்பரையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் சேர்ந்து படித்தால் ஒருவர் தேறுவார். அந்த ஒருவர் மற்ற நால்வருக்கும் வழி சொல்வார். உங்கள் முன்னோர்கள் ஒரு பத்திரிகையைக் கூட்டாகச் சேர்ந்துதான் வாங்கிப் படித்தார்கள்.